ஆறு சதைத் துணுக்கும் ஒரு பெருங்காய டப்பாவும்

அன்புள்ள எல்லோருக்கும்,

"தொண்டை இப்போ எப்படி இருக்கு?" என்று பார்க்கும் இடத்திலெல்லாம் கேட்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. நேற்று இரவு இரண்டு இட்லியைத் தண்ணீர் இல்லாமல் சாப்பிட்டேன். இதைப் போய் எழுதுகிறானே என்று நினைப்பவர்களுக்கு, நான் நாலைந்து வருடமாகச் சொம்பை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டுதான் சாப்பிட உட்காருவேன்.

முதல் நன்றி என் மச்சானுக்கு. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் ஆட்டுக்கறித் துண்டு ஒன்று நெஞ்சுக்குள் நின்றுகொண்டது. மூச்சு வந்தது, பேச முடிந்தது. ஆனால் குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது, எச்சில்கூட இறங்கவில்லை. ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள், வாழைப்பழத்தை முழுங்கச் சொன்னார்கள். மச்சான் மட்டும் "யாரும் எதுவும் கொடுக்காதீங்க" என்று அதட்டிவிட்டுக் காரை எடுத்தார். வழி நெடுக ஒரு கையால் கேரி பேக்கை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டே ஓட்டினார். பாளையங்கோட்டை வரைக்கும் அப்படித்தான்.

அன்று இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டருக்கு என் முகம் ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. கறித்துண்டை எடுத்ததோடு அனுப்பியிருக்கலாம். அவர் என் உணவுக்குழாயில் வளையம் வளையமாகவும் நீளவாக்கில் கோடுகளாகவும் இருப்பதைப் பார்த்துவிட்டு, மேலும் கீழுமாக ஆறு இடத்தில் துணுக்கு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் எண்டோஸ்கோபி செய்தபோது துணுக்கு எடுக்கவில்லை. "நார்மல், கேஸ் தொந்தரவுதான்" என்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வருடமும் வேளை தவறாமல் விழுங்கினேன். அவர்களைக் குறை சொல்ல மனமில்லை. உணவுக்குழாயில் வரும் இந்த ஒவ்வாமை அழற்சியைத் தனி நோயென்று மருத்துவ உலகம் அடையாளம் கண்டதே 1990-களில்தான். இருந்தாலும் ஒரு துணுக்கு எடுத்திருக்கலாம்.

முகம் தெரியாத நோய்க்குறியியல் மருத்துவருக்கும் நன்றி. ஈஸ்னோபில் என்கிற வெள்ளையணு ஈயோசின் சாயம் பட்டால் சிவந்து தெரியுமாம். உணவுக்குழாயில் அதற்கு வேலையே கிடையாது. நுண்நோக்கியில் ஒரு பார்வை வட்டத்துக்குள் 15 இருந்தாலே சந்தேகப்படுவார்கள். அவர் எனக்கு 42 எண்ணியிருந்தார்.

அப்புறம் மதுரை டாக்டரம்மா. ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்னால் "ஒரு தோசை சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். "எல்லாரையும் போலத்தான்" என்றேன். என் மனைவி விடவில்லை. "எல்லாரும் கை கழுவின பிறகும் இவங்க இலை முன்னாடிதான் உக்காந்திருப்பாங்க, டாக்டர். சோத்துல ரசத்தை ஊத்திக் கஞ்சியாக்கித்தான் சாப்பிடுவாங்க. பரோட்டாவைத் தொட்டே வருஷக்கணக்காச்சு" என்றாள். அதையெல்லாம் நான் ருசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். சின்ன வயதில் வீசிங், தோலில் கரப்பான் உண்டா என்று கேட்டார். இரண்டும் உண்டு. "ஈஸ்னோபிலிக் ஈசோபஜைட்டிஸ். உணவுக்குழாயில் வரும் ஒவ்வாமை அழற்சி" என்று பெயரை எழுதிக் காட்டினார். குழாய் இன்னும் நிரந்தரமாகச் சுருங்கவில்லை என்றும் சொன்னார். அன்று கேட்ட நல்ல சேதி அதுதான்.

மருந்துக்கடை அண்ணாச்சியை மறக்க முடியாது. நெபுலைசரில் வைத்து மூச்சில் இழுக்கிற புடெசோனைடு என்கிற ஸ்டீராய்டு மருந்தைத் தேனில் குழைத்து விழுங்கச் சொல்லிச் சீட்டு. "இது இழுக்குற மருந்துல்லா, முழுங்கவா சொல்லிருக்கு?" என்று கேட்டு, டாக்டருக்கே போன் போட்டு உறுதி செய்த பிறகுதான் கொடுத்தீர்கள். விழுங்கினால் அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை பிடிக்கும் என்று டப்பா மேல் பேனாவால் எழுதியும் தந்தீர்கள். மூன்று மாதத்தில் 42 என்பது 6 ஆனது.

அடுத்துப் பத்தியம். எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, மருந்தை நிறுத்திவிட்டுப் பாலும் கோதுமையும் இல்லாமல் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. திருநெல்வேலிக்காரனிடம் கோதுமையும் நெய்யும் வேண்டாம் என்றால் அல்வாவுக்கு மங்களம் பாடியாயிற்று என்று அர்த்தம். பரவாயில்லை, கருப்பட்டிக் காப்பி இருந்தது. தேங்காய்ப்பாலில் சொதி வைத்துக் கொடுத்தார் அத்தை. அத்தைக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மளிகைச் சாமான் ஒவ்வொன்றின் முதுகையும் வாசித்தது அவர்தான். ஒருநாள் பெருங்காய டப்பாவோடு வந்து நின்றார். "மாப்பிள்ளை, இதுல மைதான்னு போட்டிருக்கே, இது கோதுமைதானே?" பாலையும் சப்பாத்தியையும் விட்டவன், சாம்பாரில் தினமும் கோதுமை தின்றுகொண்டிருந்தேன்! அன்று முதல் அரிசி மாவு கலந்த பெருங்காயம்.

கடைசியில் கோதுமை குற்றவாளி இல்லை. அதைத் திரும்பச் சேர்த்து எட்டு வாரம் கழித்து மறுபடி துணுக்கு எடுத்துப் பார்த்தபோது ஈஸ்னோபில் எண்ணிக்கை ஏறவில்லை. பாலைச் சேர்த்தோம், 30-ஐத் தாண்டியது. பெருங்காயத்தின் மேல் பாவம், வீண் பழி. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "பழைய டப்பாவைத் தூக்கிப் போடலை, வச்சிருக்கேன்" என்றார்.

பாலை மறுபடி விட்டு ஆறு வாரமாகிறது. அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஏழாவது எண்டோஸ்கோபி. மயக்க மருந்து கொடுப்பதால் நான் வண்டி ஓட்டக் கூடாது. மச்சான், காலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும்; இதையே தகவலாக வைத்துக்கொள்ளுங்கள்.