தோழிகளைப் பிரிக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

தமிழ்நாட்டின் குழந்தைகள் நலக்குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பெண் குழந்தைகள் இல்லத்தில் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்த நாலு பேரில் இருவரை வேறு இல்லத்துக்கு அனுப்புவது உங்களுக்குப் புதிதல்ல. கோப்பில் எழுதும் காரணமும் மனப்பாடமாகியிருக்கும்: ‘கூட்டுச் சேர்கிறார், மற்ற பிள்ளைகளைத் தூண்டுகிறார்.’ ஏன் சாப்பிடவில்லை என்பது மட்டும் அதில் இருக்காது.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 96ஆவது பிரிவுப்படி, மாவட்டத்துக்குள் மாற்ற உங்கள் உத்தரவே போதும். வெளியே என்றால் உங்கள் பரிந்துரையின் பேரில் அரசு உத்தரவிடும். இரண்டுக்கும் அடிப்படை குழந்தையின் நலன்தான். தண்டனைக்காக மாற்றலாம் என்று அங்கே ஒரு வரிகூட இல்லை. ஆகவே, கையெழுத்திடும் முன் அந்தப் பெண்ணைக் கேளுங்கள்.

பிள்ளைகள் குறையைச் சீட்டில் எழுதிப் போடும் புகார்ப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். 2016 மாதிரி விதிகளின்படி அது அலுவலகத்தை விட்டுத் தள்ளி, பிள்ளைகள் தூங்கும் அறைப் பக்கம் இருக்க வேண்டும். சாவி இல்லத்தின் மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, இல்லத்துப் பிள்ளைகளே அங்கம் வகிக்கும் ‘குழந்தைகள் குழு’ உறுப்பினர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும். கண்காணிப்பாளர் அறை வாசலில் பெட்டி, அவர் மேசை இழுப்பறையில் சாவி என்றால் யார் சீட்டுப் போடுவாள்? போடுகிறவளை வராந்தா முழுக்கப் பார்க்கும். பிறகு தட்டைத் தள்ளாமல் என்ன செய்வார்கள்?

பிரிப்பதால் பாதிப் படிப்பில் பள்ளி மாறுகிறது, ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) மாறுகிறார், அவளுக்கென்று வகுத்த தனிநபர் பராமரிப்புத் திட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இவையாவது காகிதத்தில் வரும். மாத்திரையை விழுங்காமல் துப்புகிறவள் யார், கையைக் கீறிக்கொள்கிறவள் யார் என்று வார்டனுக்கு முன்னால் தெரிவது பக்கத்துப் பாய்க்காரிக்குத்தான். அவளை அனுப்பிவிட்டால் மிச்சமிருப்பவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அதற்குப் பெயர் ‘இல்லத்தில் ஒழுங்கு திரும்பியது’!

விருந்தினர் வரும் நாளில் இதே பெண்கள் கைகோத்து ஆடினால் ‘ஒற்றுமை’ என்று கைதட்டுகிறோம். சாப்பாட்டுக் கூடத்தில் கைகோத்தால் ‘கூட்டு’. ஆய்வுக்கு வருகிறவர்களும் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு... சரி, அது வேறு கதை.

சில கூட்டம் சின்னப் பிள்ளைகளை மிரட்டுவதும் உண்டு. அங்கே பிரிக்கத்தான் வேண்டும். அப்போதும் நடந்தது என்ன என்பதை உத்தரவில் எழுதுங்கள்.

நாங்கள் பணிவுடன் கேட்பது இதுதான். இடமாற்றப் பரிந்துரை வந்தால், இல்லப் பணியாளர் யாரும் இல்லாமல் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே உத்தரவில் சேருங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பள்ளித் தேர்வு முடியும்வரை பொறுங்கள். பிறகு தோழிகள் கடிதம் எழுதவும் போனில் பேசவும் அந்த உத்தரவிலேயே அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் இல்லங்களோடு பணிபுரிவோர்