'கூல்' மட்டும் வாடவில்லை

ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தில் பாராட்டுச் சொற்கள் சீக்கிரம் நரைத்துவிடுகின்றன. 'க்ரூவி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளம்தான் 'க்ரூவ்'. வாசிப்பு அதுபோல வழுக்கிக்கொண்டு போனால், 1930களின் ஜாஸ் இசை உலகில் அந்தப் பாராட்டு கிடைக்கும். 1960களில் எல்லார் வாயிலும் புழங்கியது, அப்புறம் தாத்தா காலத்துச் சொல்லாகிவிட்டது. சில சொற்களுக்குப் பொருளே தலைகீழாகிவிடும்: 'டெரிஃபிக்' முதலில் அச்சமூட்டுவதையே குறித்தது, பிறகுதான் பாராட்டானது. நோயைச் சொல்லும் 'சிக்' இன்று இளைஞர்களுக்குப் பிரமாதம்!

ஆனால் கறுப்பின அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த 'கூல்' முக்கால் நூற்றாண்டு தாண்டியும் அப்படியே இருக்கிறது. நாள் முழுக்க அதைச் சொல்லும் என் மாணவர்களுக்கு அதைத் தந்தவர்கள் யாரென்று தெரியவில்லை. எனக்கு அதுதான் வருத்தம். சக ஆசிரியர்களே, வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லுங்கள்.

– ஆங்கில ஆசிரியர், மதுரை