ஏழாம் மாடி வீட்டார் எல்லாருக்கும்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும் உறவுகளே,

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு முறுக்கு சுடும்போது எங்கள் வீட்டு அடுப்பில் எண்ணெய் தீப்பற்றியது உங்களுக்குத் தெரியும். அன்று பதற்றத்தில் யாருக்கும் சரியாக நன்றி சொல்லவில்லை. அதனால் இந்த மடல்.

தவறு என்னுடையது. ஊரிலிருந்து அக்கா அழைத்தாள். அடுப்பை அணைக்காமல் கைத்தொலைபேசியுடன் பால்கனிக்குப் போய்விட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மாமியார் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

முதல் நன்றி, ஒரு சனிக்கிழமை எங்கள் கூடத்துக் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவியைப் பொருத்திக் கொடுத்த தொண்டூழியத் தம்பிகளுக்கு. ஜூன் 1, 2018 முதல் புதிய வீடுகளில் இது கட்டாயம். எங்களுடையது பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கட்டாயம் இல்லை. "சாம்பிராணி போட்டால் அலறுமே" என்று நான் தயங்கினேன். சாமி மாடத்திலிருந்து தள்ளி மாட்டி, மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்க்கவும் சொல்லித் தந்தீர்கள். அன்று அது அலறியதால்தான் நான் உள்ளே ஓடினேன்.

அதற்குள் என் மகன் வாளித் தண்ணீரோடு சமையலறைக்குள் நுழைந்துவிட்டான். எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அத்தை), அந்தக் கணத்தில் நீங்கள் கிரில் கதவுக்கு வெளியே நின்று "ஜாங்கான் சிம்பா ஆயர்!" (தண்ணீர் ஊற்றாதே!) என்று மலாயில் கத்தினீர்களே, அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் பள்ளியில் மலாய் நண்பர்களோடு பழகியவன், புரிந்துகொண்டு நின்றுவிட்டான். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் போய் நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயையே மேலே வாரி இறைக்கும் என்று தீயணைப்பு வீரர் ஒருவர் பிறகு விளக்கினார். என் பிள்ளையின் முகம் அந்த அடுப்புக்கு நேராக இருந்தது. மக்சிக், இதற்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்?

நீங்களே உள்ளே வந்து அடுப்பை அணைத்து, பெரிய மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி வாணலியை மூடினீர்கள். நான் மூடியைத் திறந்து பார்க்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தீர்கள். எண்ணெய் ஆறுமுன் காற்று பட்டால் மறுபடியும் பற்றிக்கொள்ளுமாம். அதில் உங்கள் மணிக்கட்டு வெந்துவிட்டது. பற்பசையைத் தேடி ஓடிய என்னை நிறுத்தி, இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் உங்கள் கையைப் பிடித்திருந்தது மேல்மாடி வீட்டில் வேலை செய்யும் திருச்சித் தங்கை. அம்மா, நீ நல்லா இருக்கணும்.

கோடி வீட்டு டான் அங்கிளுக்கு ஒரு மன்னிப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்று எங்கள் சைக்கிளையும் செருப்பு அலமாரியையும் எடுக்கச் சொல்லி நீங்கள் இரண்டு முறை வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. அன்று புகைக்கு நடுவே மாமியாரின் சக்கர நாற்காலியை மின்தூக்கிவரை எங்கும் இடிக்காமல் தள்ளிக்கொண்டு போனது நீங்கள்தான். சைக்கிள் அங்கேயே இருந்திருந்தால் நாற்காலி வாசலைத் தாண்டியிருக்காது.

தீயணைப்பு உதவி எண் 995க்கு அழைத்த பிள்ளைகளுக்கும், தீயணைக்க வந்த குடிமைத் தற்காப்புப் படையினருக்கும் நன்றி. தீ அணைந்த பிறகும் நீங்கள் உடனே போய்விடவில்லை. கவனிக்காமல் விட்ட அடுப்புதான் சிங்கப்பூரில் பல வீட்டுத் தீக்குக் காரணம் என்று என்னைத் திட்டாமல், பொறுமையாக உட்கார்ந்து சொன்னீர்கள். இப்போது அடுப்பில் ஏதாவது இருந்தால் அழைப்பை எடுப்பதில்லை. மூடி எப்போதும் அடுப்புப் பக்கத்திலேயே இருக்கிறது.

மக்சிக்கின் கட்டைப் பிரித்துவிட்டார்கள், காயம் நன்றாக ஆறுகிறது. வரும் சனிக்கிழமை மாலை எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம். மக்சிக்கும் ஹலால் சாப்பாடாக மனநிறைவோடு சாப்பிட வேண்டும் என்பதால் சமையல் அவர் வீட்டில், அவர் பாத்திரங்களில். முறுக்கு மாவு நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஏழாம் மாடியிலிருந்து