தெற்கு சூடானின் தேசிய கீதம்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தெற்கு சூடான் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அந்நாடு சூடானின் தேசிய கீதத்தையே சொற்களை மாற்றிப் பாடுவதாகச் சொல்கிறது. அது தவறு. இரண்டும் மொழியால், மெட்டால், பிறந்த விதத்தால் வெவ்வேறு பாடல்கள்.

சூடானின் கீதம் அரபு மொழியில் அமைந்தது. அகமது முகமது சாலிஹ் எழுத, அகமது முர்ஜான் இசையமைத்தார். 1956 விடுதலையிலிருந்து அதுவே ஒலிக்கிறது. 'நாங்கள் இறைவனின் படை, தாயகத்தின் படை' என்பது தொடக்கம். பல்லாண்டுகள் கார்ட்டூமிலிருந்த சூடான் அரசின் படைகளோடு போரிட்ட தெற்கு மக்கள் அதை எப்படித் தமதாகப் பாடுவார்கள்?

ஆகவே தெற்கில் கீதத்துக்கான போட்டி, சூடானிலிருந்து பிரிவதா என்று கேட்ட 2011 ஜனவரி வாக்கெடுப்புக்கு முன்பே, 2010-இல் தொடங்கிவிட்டது. 49 பாடல்கள் வந்தன. ஜூபா பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் உருவாக்கிய பாடல் தேர்வானது. வாக்கெடுப்பில் 98.83 விழுக்காட்டினர் பிரிவினையை ஆதரிக்க, ஜூலை 9 அன்று நாடு பிறந்தது.

பாடல் ஆங்கிலத்தில் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அங்கே அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. டிங்காவையோ நூவரையோ எடுத்தால் மற்றவர்கள் ஒதுக்கப்பட்டதாக உணர்வார்கள். அரபு பழைய ஆட்சியின் மொழி. 2011 இடைக்கால அரசியலமைப்பு ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கியது. எழுத்தறிவு குறைந்த நாட்டில் இதற்கு விலையும் உண்டு: பொருள் புரியாமல் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பாடுபவர்களும் இருக்கக்கூடும்.

முதலில் இறைவனுக்குத் துதி, பிறகு கொடியிலுள்ள வழிகாட்டும் விண்மீன், அதன்பின் போரில் மாண்டவர்களுக்கு எழுந்து நின்று மௌன வணக்கம், முடிவில் 'இறைவா, தெற்கு சூடானை வாழ்த்து' என்ற வேண்டுதல். இதுதான் வரிசை. தலைப்பு 'சவுத் சூடான் ஓயே'. 'ஓயே' என்பது விடுதலை இயக்கக் கூட்டங்களில் எழுந்த முழக்கம். ஆனால் பாட்டுக்குள் அந்தச் சொல் வருவதில்லை. எனவே 'ஓயே' கேட்கிறதா என்று காது கொடுத்துப் பாட்டை அடையாளம் காண முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்தக் குழப்பம் மைதானம் வரை போயிருக்கிறது. 2024 ஜூலை 28 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கின் கூடைப்பந்துப் போட்டிகள் நடந்த லீல் நகரில், போர்ட்டோ ரிக்கோவுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் சூடானின் கீதம் ஒலித்தது. சில நிமிடங்கள் கழித்தே சரியானது போடப்பட்டது. அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ஆட்டத்தில் தெற்கு சூடான் 90–79 என வென்றது.

போட்டி நடத்துபவர்கள் பெயரை மட்டும் வைத்து கீதத்தின் ஒலிக்கோப்பைத் தேடினால் இரு நாடுகளும் அடுத்தடுத்து நிற்கும். விளையாட்டு அமைப்புகளின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்ப்பது நல்லது: சூடானுக்கு எஸ்.யு.டி., தெற்கு சூடானுக்கு எஸ்.எஸ்.டி. அதுவும் போதாது. அணியைச் சேர்ந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, ஒலிக்கோப்பை முதலிலிருந்து கடைசி வரை ஒலிக்கவிட்டுக் கேட்க வேண்டும். இணையத்தில் கிடைத்ததை இறக்கிப் பயன்படுத்தவே கூடாது. 2012-இல் குவைத்தில் கசகஸ்தான் வீராங்கனைக்கு அந்நாட்டு கீதத்துக்குப் பதிலாக ஒரு கேலித் திரைப்படத்தின் பாடல் ஒலித்தது அப்படித்தான்.

திருத்தம் இவ்வளவே வந்தாலும் போதும்: 'தெற்கு சூடானின் தேசிய கீதம் சவுத் சூடான் ஓயே, அது 2011 முதல் பாடப்படும் தனிப்பாடல்.'