முதலாம் தவணை முடிவும் சிவனொளிபாத மலைப் பயணமும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

முதலாம் தவணை முடிகிறது. இல்ல விளையாட்டுப் போட்டி நல்லபடியாக நடந்தது, தரம் 5 பிள்ளைகள் புலமைப்பரிசிலுக்கு மும்முரமாகப் படிக்கிறார்கள், பின்பக்க மதிலைக் கட்டித் தந்த பழைய மாணவர்களுக்கு நன்றி. பங்குபற்றிய எல்லாருக்கும் பாராட்டுகள். தேர்ச்சி அறிக்கையை வகுப்பாசிரியரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சித்திரை வருடப்பிறப்பு லீவில் உயர்தரப் பிள்ளைகள் சிவனொளிபாத மலை ஏறப் போவது உங்களுக்குத் தெரியும். கூட்டிப்போகிறவர் நமது விஞ்ஞான டீச்சர். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமாகி மறுபடி படிப்பிக்க வந்தவர் (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்). இந்த மலையேற்றத்தின் பேரில் சேரும் காசு நம் பக்கத்துப் புற்றுநோயாளிகளுக்கு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருந்தாலும் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு பஸ் காசு, தங்குகிற செலவு, கூடப் போகிறவரின் கூலி வேலையும் அன்றைக்கு இல்லை.

பெயர் கொடுத்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் இப்போது விலகிவிட்டார்கள். கடிதங்களில் காய்ச்சல், டியூஷன், கோயில் நேர்த்தி என்று எழுதியிருக்கிறது. உண்மைக் காரணம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய குரல் பதிவுகளில் இருக்கிறது, அவற்றை எனக்கும் அனுப்பிவைத்தார்கள். "கரண்ட் வைத்த உடம்பு, பிள்ளைகளுக்குத் தொற்றினால்?" என்று ஒருவர். "இன்னும் சுகமில்லை, இடது கையில் ஒரு பை தூக்குகிறாவா பாருங்கோ" என்று இன்னொருவர்.

புற்றுநோய் தொற்றாது. பக்கத்தில் இருந்தாலும், ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தாலும் தொற்றாது. கரண்ட் என்று நாம் சொல்கிற அந்தக் கதிர்ச் சிகிச்சையும் எப்போதோ முடிந்துவிட்டது, வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் இயந்திரத்தை நிறுத்தியதும் உடம்பில் எதுவும் மிஞ்சுவதில்லை. கை விஷயம் என்னவென்றால், இந்த நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்யும்போது கக்கத்திலுள்ள நிணநீர்க் கணுக்களையும் பெரும்பாலும் எடுப்பார்கள், அதற்குப் பிறகு அந்தக் கை வீங்கிவிடக்கூடும் என்பதால் பாரம் தூக்காமல் பார்த்துக்கொள்வார்கள். அது கவனம், நோய் இல்லை. அப்புறம், இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய், வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அதற்குப் பெரிய காரணம். அந்தக் குரல் பதிவில் ஒருவர் வெற்றிலையை அதக்கிக்கொண்டே பேசுவது நன்றாகவே கேட்கிறது.

டீச்சருக்கு வழியில் மயக்கம் வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டவர்களும் உண்டு. அது நியாயமான கேள்வி, நேரே என்னிடம் கேட்டிருக்கலாம். வைத்தியர் ஏறலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், வலயக் கல்விப் பணிமனை அனுமதி வந்துவிட்டது, முதலுதவி தெரிந்த ஆசிரியர்கள் கூட வருகிறார்கள், ஏறுவது நல்லதண்ணிப் பக்கத்துப் படிக்கட்டு வழியால். 2243 மீற்றர் மலை, ஆனால் வெசாக் போயா வரைக்கும் யாத்திரைக் காலம் என்பதால் இரவு முழுக்க வெளிச்சமும் தேத்தண்ணீர்க் கடையும் சனமும் இருக்கும். மேடு என்றால் கல்லடிப் பாலம்தான் என்று இருக்கிற ஊரில் பிள்ளைகளை விடியற்காலையில் அந்தப் பாலத்தில் நடக்கவைத்து, குடும்பிமலைக்கும் கூட்டிப்போய்ப் பழக்கியவர் இதே டீச்சர்தான். ஷோன் ஸ்வார்னர் என்ற அமெரிக்கர் சிறுவயதிலேயே இரண்டு புற்றுநோய்களைத் தாண்டி, ஒரு நுரையீரலின் பலத்தோடு 2002 மே 16 அன்று எவரெஸ்ட் உச்சிக்குப் போனதைக் காலைக் கூட்டத்தில் டீச்சர் சொன்னபோது பின்வரிசைப் பொடியன்களும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. போன வாரப் பயிற்சியில் டீச்சர் எல்லாருக்கும் அவித்த கடலை கொடுத்தார். ஒரு பிள்ளை வாங்கிக் கைக்குள் பொத்தி வைத்திருந்து, அவர் அங்கால் திரும்பியதும் மதிலுக்கு வெளியே கொட்டியது. பிள்ளையில் குற்றமில்லை, வீட்டில் சொன்னதைச் செய்தது. ஆனால் டீச்சரின் மகளும் இதே பாடசாலையில்தான் படிக்கிறாள், அந்தப் பதிவுகள் அவளுடைய காதுக்கும் போய்விட்டன. ஒரு ஆசிரியரின் உடம்பைப் பற்றி வகுப்புக் குழுவில் கதைக்க யாருக்கும் உரிமை இல்லை. இனி ஒரு பதிவு வந்தாலும் அனுப்பியவரைக் கூப்பிட்டு விசாரிப்பேன், குழுவையும் மூடிவிடுவேன்.

பயத்தில்தான் பலர் இப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். புற்றுநோய் வந்து போகாத குடும்பம் இங்கே குறைவு. எதற்கும் கலங்காமல் பிள்ளையை முதல் நாளிலிருந்து அனுப்பிவரும் பெற்றோருக்கும், பஸ்ஸைக் குறைந்த வாடகைக்குத் தந்தவருக்கும், காசு இல்லாவிட்டாலும் வழிச்சாப்பாடு கட்டித் தருகிறோம் என்று வந்த தாய்மாருக்கும் மனமார்ந்த நன்றி.

விலகிய பிள்ளைகளின் இடங்களை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. சம்மதக் கடிதத்தை வியாழக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுத்தால் போதும், பழைய கடிதத்தைக் கிழித்துவிடுவேன். சந்தேகம் இருந்தால் இடைவேளை நேரத்தில் வாருங்கள், டீச்சரே பதில் சொல்கிறேன் என்கிறார். சப்பாத்து கட்டாயம் வேண்டும், செருப்போடு வந்தால் பஸ்ஸில் ஏற்ற மாட்டோம். உச்சியில் குளிரும், ஒரு சுவெட்டரும் கொடுத்து விடுங்கள்.

அன்புடன்,
அதிபர்