காணாமல் போன வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. நான் வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் "சரிப்பா" என்று ஒரு வார்த்தைதான் வருகிறது. வேலை அதிகம், தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு.

மார்கழியில் அப்பாயிக்குத் தலைத் திவசம். அம்மா மண்டபத்தில் ஐயரிடம் சொல்லியாகிவிட்டது. வா என்று சொல்லவில்லை, லீவு உன் சௌகரியம். விவரத்துக்காக எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் நீ பரிசு வாங்கிவந்த உலக உருண்டையைப் பரணிலிருந்து இறக்கினேன். அன்று டிப்போ முழுக்க மிட்டாய் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அம்மாவின் தையல் நூலை சான் ஃபிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துப் பிடித்தால், நடுக்கடலில் போகாமல் ஜப்பான் பக்கமாக வளைந்து சிங்கப்பூருக்கு இறங்குகிறது. 13,600 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சிக்கு இன்னொரு 3,000. நீ போகும்போது 15 மணி நேரம் சொச்சம், வரும்போது 17. மேலே மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்று, ஊருக்கு வரும்போது எதிர்க்காற்றாம். 31 வருஷம் டைம் கீப்பராக இருந்தவனுக்கு இது இப்போதுதான் தெரிகிறது, பார். தேதிக் கோடு வேறு. அங்கே புதன் ராத்திரி ஏறினால் சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை விடிகிறது. நடுவில் வியாழக்கிழமையைக் காணோம்.

ஏன் புதன்கிழமையை எடுத்தேன் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

அப்பாயி போனது வியாழன் விடிகாலை 4 மணி. உனக்கு அப்போது புதன் மத்தியானம் 2:30. ஆபீசில்தான் இருந்திருப்பாய். அன்று ராத்திரியே ஏறியிருந்தால் வெள்ளி சாயங்காலம் வாசலில் நின்றிருப்பாய். ஐஸ் பெட்டி அதுவரை தாங்கும். நான் எல்லாம் முடித்துவிட்டு இரவு 8 மணிக்குச் சொன்னேன். "நீ வந்து சேர மூணு நாள் ஆகும்டா" என்றேன். அப்போது நான் ஒரு கணக்கும் போடவில்லை. சனிப் பிணம் தனிப் போகாது என்று பெரியப்பா ஆரம்பித்தார், அதையும் பிடித்துக்கொண்டேன்.

நிஜம் அதில்லை. அப்பாயி முதுகெல்லாம் படுக்கைப் புண். அந்த முட்டியை வைத்துக்கொண்டு அம்மா எத்தனை தடவைதான் புரட்டிப் படுக்க வைப்பாள்? தண்ணீர்ப் படுக்கைக்கு நீ பணம் அனுப்பினாய். வாங்கிவிட்டேன் என்று சொன்னேன். வாங்கவில்லை. பணம் பேங்க்கில் அப்படியே இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டேன். குளிப்பாட்டும்போது நீ பக்கத்தில் நிற்பாய், பார்ப்பாய். அதற்குத்தான் பயந்தேன்.

இதை எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. போனில் கேட்டுவிடாதே. டிக்கெட் போட்டால் ஃப்ளைட் நம்பரை மட்டும் அனுப்பு, ஏர்போர்ட் வாசலில் நிற்கிறேன். விடிகாலை பனி கடுமையாக இருக்கிறது, ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா