கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றாருக்கு

அன்புள்ள பெற்றாருக்கு,

வணக்கம். போன புதன்கிழமை பின்னேரம் எங்கள் 14 வயதுக்குட்பட்ட றகர் (ரக்பி) அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு தகப்பன், "முன்னுக்கு எறியடா, முன்னுக்கு எறி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். றகரில் பந்தைக் கையால் முன்னுக்கு எறிவது குற்றம். மகனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்பாவின் குரல் கேட்டதும் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். அதற்குள் வந்த பந்து விரலில் பட்டு முன்னால் விழுந்தது. நடுவர் விசில் ஊதினார். அதற்கும் மகனுக்குத்தான் ஏச்சு.

அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நானும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். இரண்டு அணியும் தோளோடு தோள் பிணைந்து தள்ளும் ஸ்க்ரமில் யார் பிழை விட்டது என்று இன்றைக்கும் எனக்குச் சட்டென்று பிடிபடாது. ஆகவே கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்களும் தட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துங்கள். எப்படி விளையாடுவது என்பதைப் பயிற்றுநர் சொல்லட்டும். நடுவரிடம் அணித்தலைவர் மட்டும் கதைப்பதுதான் இந்த விளையாட்டின் வழக்கம். மற்றப் பாடசாலைப் பிள்ளை எங்கள் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்து ட்ரை எடுத்தாலும் தட்டலாம், கை தேயாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். தலையில் அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுப்போம். அன்றைக்குத் திரும்ப இறக்கமாட்டோம். "அவனுக்கு ஒன்றுமில்லை சேர், இறக்குங்கோ" என்று தயவுசெய்து வராதீர்கள். வீட்டில் தலையிடி கூடினால், வாந்தி எடுத்தால், பேச்சுத் தடுமாறினால், எழுப்பக் கஷ்டமாக இருந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எனக்குக் காலையில் சொன்னால் போதும். வைத்தியர் சரி சொன்ன பிறகும் படிப்படியாகத்தான் மைதானம். மௌத்கார்ட் (பல்லுக்குப் போடும் காப்பு) மறந்து வருகிற பிள்ளை அன்றைக்குப் பார்வையாளர்தான்.

கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் றகரில் மோதும் பிரட்பி கேடயத்துக்கு இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டித்தான் முடிவு. முதலாவதில் தோற்றவர்களுக்கும் மூச்சுவிட நாட்கள் கிடைக்கும். உங்கள் பிள்ளைக்கு வீடு போய்ச் சேரும்வரையாவது கொடுங்கள். பஸ்ஸில் வைத்து "ஏன் விட்டனி?" என்று கேட்காதீர்கள். முதலில் பசிக்குதா என்று கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவனே தொடங்குவான்.

அடுத்த ஆட்டம் வருகிற புதன், பின்னேரம் 3.30க்கு. இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொண்டுவர இரண்டு பேர் தேவை. "முன்னுக்கு எறி" அப்பா ஏற்கெனவே பெயர் தந்துவிட்டார். இன்னும் ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
அதிபர்